மதில் காட்டிய பிடி

பதினொன்றாம் பாகத்தின் வசனத் தாள்களைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மதில் படிக்கட்டில் தடதடவென்று ஏறினான். எதிரே இறங்கி வந்த ஒப்பனைக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். ஒன்பது வருடங்களுக்கு முன்பு வரை எதிரணிக்காரர்களும் அவனைக் கண்டால் அப்படித்தான் ஒதுங்குவார்கள். தடுப்பாட்டத்தில் அவனைத் தாண்டிப் பந்து போவதே அபூர்வம் என்று ரசிகர்கள் வைத்த பெயர் மதில். இப்போது வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் வாழ்க்கையைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் அது. குடி, சூதாட்டம், முறிந்த எலும்பு, முறிந்த கல்யாணம் என்று வாரம் ஒரு பாகம். நடிகர்களை ஆட்டக்காரர்கள்போல ஓடவும் விழவும் எச்சில் துப்பவும் வைப்பது மதிலின் பொறுப்பு. காலையில் இளையோர் பயிற்சிக்கூடத்தில் தலைமைப் பயிற்சியாளர், மதியத்துக்கு மேல் இங்கே ஆலோசகர். நான்கு மாதமாக வண்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று கையில் வந்த தாள்களில் ஒரு காட்சி. இறுதிப் போட்டிக்கு முன்னால், உடை மாற்றும் அறையில், கணுக்கால் வீங்கிய முன்வரிசை வீரன் மேஜைமேல் படுத்திருக்கிறான். அணித்தலைவன் அவன் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறான். மருத்துவர் வலி தெரியாமல் இருக்க ஊசி போடுகிறார். பதினோரு வருடத்துக்கு முன்னால் நிஜமாகவே நடந்தது அது. அந்த அறையில் அன்றைக்கு இருந்தவர்கள் மூன்றே பேர். மருத்துவர் செத்துப்போய்விட்டார். மீதி அவனும், மேஜைமேல் கிடந்த முன்வரிசை ஆட்டக்காரன் அணிலும்தான்.

எழுத்தாளரின் அறைக் கதவைத் தட்டாமலே தள்ளினான். புனைபெயரில் எழுதுகிற அந்த அம்மாள் இதுவரை படப்பிடிப்புப் பக்கமே வந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தவளைக் கண்டதும் அவன் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

அணிலின் அக்கா. ஆடிய காலத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான்.

"உள்ள வா. கதவைச் சாத்து," என்றாள்.

"என்னக்கா இது?" தாள்களை மேஜையில் எறிந்தான். "யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"உன்னைக் கேட்டு எழுதணுமா?"

"நான் இங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"உன்னை எடுக்கச் சொன்னதே நான்தான். இந்தக் காட்சியை நடிக்கிறவனுக்கு நீயே நின்னு சொல்லிக் குடுக்கணும். அதை நான் பார்க்கணும். அதுக்குத்தான் நாலு மாசமா காத்துக்கிட்டு இருந்தேன்."

மதிலுக்கு ரத்தம் தலைக்கேறியது. "இது ஒளிபரப்பானா கோர்ட்டுக்குப் போவேன்."

"தாராளமாப் போ. போய், இது நான்தான், நான் செஞ்சதைத்தான் காட்டியிருக்காங்கன்னு சொல்லு. நானும் கைதட்டுறேன்."

அதை அவன் சொல்ல முடியாது. ஏனென்றால் அவன் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் ஒன்று கால்பந்துச் சங்கத்தின் கோப்பில் இன்னும் இருக்கிறது. அந்தப் போட்டியின் எழுபத்தோராம் நிமிடத்தில் அணிலின் குதிகால் நரம்பு அறுந்தது. வெற்றிக்கோப்பை வந்தது, அணிலின் ஆட்டம் அதோடு போயிற்று. விசாரணை வைத்தார்கள். 'காயம் இருப்பதை வீரர் எங்களிடம் மறைத்துவிட்டார்' என்று அணித்தலைவன் மதில் எழுதிக் கொடுத்தான். கிளப் கையைக் கழுவிக்கொண்டது. மதில் மேலும் இரண்டு வருடம் தலைவனாக ஆடிவிட்டு ஓய்வுபெற்றான். அணில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்வி. பதினோரு வருடத்தில் மதில் அந்தக் கடை இருக்கும் தெருப்பக்கம்கூடப் போனதில்லை.

அடுத்து இயக்குநரிடம் போனான். "இந்தக் காட்சி வேண்டாம் சார். எந்த அணியிலயும் இப்படி நடக்காது."

இயக்குநர் நிதானமான மனிதர். "நடக்காதா? இல்ல, உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல நடக்கலையா?"

"எனக்குத் தெரிஞ்சு நடக்கல," என்றான் மதில். சொன்ன பொய்க்குக் காவலாக இன்னொரு பொய் நின்றது.

"அப்போ கதைதானே சார், விடுங்க. நாளைக்கு எடுத்துடலாம்."

மறுநாள், ஒட்டுப்பலகையில் கட்டிய உடை மாற்றும் அறையில் விளக்குகள் எரிந்தன. அக்கா, எடுப்பதைப் பார்க்கும் சின்னத் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கக் கூடாது என்று மதில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

தலைவனாக நடித்தவன் நல்ல உயரம், நல்ல குரல். படுத்திருந்தவன் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "எனக்காக ஒரே ஒரு ஆட்டம்டா" என்றான். கண்ணில் தாரையாகத் தண்ணீர் வந்தது. விளக்குக்காரர்கூட மூக்கை உறிஞ்சினார். மூன்று முறை எடுத்தார்கள், மூன்று முறையும் அழுதான்.

மதிலுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. இப்படியே போனால் அணித்தலைவன் பாவம், பாசக்காரன் என்று ஊர் உச்சுக்கொட்டும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், தப்பித்தான். ஆனால் நான்காம் முறை எடுப்பதற்கு முன் அந்த நடிகன் அவனிடம் வந்து, "சரியா வருதா மாஸ்டர்? அந்தத் தலைவனுக்கு மனசு முழுக்க அன்பு. அதான் அழுகையைக் கொஞ்சம் கூட்டினேன்," என்றான்.

அன்பு என்ற சொல் மதிலைச் சுட்டது. எரிச்சலா, வெட்கமா, அவனுக்கே தெரியவில்லை.

"எவன்யா அழுவான்?" என்று கத்தினான். "வெளிய நாப்பதாயிரம் பேர் கத்திக்கிட்டு இருக்கான். இன்னும் இருபது நிமிஷம். அழுறதுக்கு எவனுக்கு நேரம் இருக்கு? தள்ளு."

நடிகனை ஒதுக்கிவிட்டு மேஜையருகே போனான். படுத்திருந்தவனின் முழங்காலுக்குக் கீழே தன் முட்டியை ஏற்றி அழுத்தினான். "கையைப் பிடிச்சா ஊசி இறங்கும்போது உதைச்சிடுவான். காலைத்தான் பிடிக்கணும். இப்படி." பாதத்தை இரண்டு கையாலும் இறுக்கினான். "முதுகு அவன் மூஞ்சிப் பக்கம் இருக்கணும். அப்பத்தான் அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். வாயில காலுறையைச் சுருட்டி வச்சிருக்கணும், சத்தம் வெளிய கேட்கக் கூடாது."

"வசனம்?" என்றான் நடிகன் மெதுவாக.

"கெஞ்சல் எல்லாம் கிடையாது. 'இன்னிக்கு நீ இறங்கலைன்னா பெஞ்சுல இருக்கிறவன் இறங்குவான். நாளையிலிருந்து உன் சட்டை அவனுக்கு. அதை நானே கழட்டிக் குடுப்பேன்.' அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அறையில் எல்லாரும் தன்னையே பார்ப்பது அவனுக்கு உறைத்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேஜைமேல் கிடந்த நடிகன், "மாஸ்டர், கால் வலிக்குது," என்றான். மதில் விலகினான்.

அக்கா எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "நீ கெஞ்சினேன்னுதான் அணில் எங்கிட்டச் சொன்னான்," என்றாள். "காலைப் பிடிக்காத குறையா அழுதான், அதான்க்கா மனசு கேட்கலைன்னு சொன்னான். நானும் அதை நம்பி எழுதினேன்."

மதில் நகரப் பார்த்தான். அவள் விடவில்லை.

"உன்னை அசிங்கப்படுத்தணும்னு வந்தேன்டா. அதுலயும் உனக்கு மரியாதை மிச்சம் வச்சு எழுதியிருக்கேனே, என்னைச் சொல்லணும்." இயக்குநர் பக்கம் திரும்பினாள். "இவன் சொன்னதையே எடுங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க."

அப்படியே எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து ஒளிபரப்பானது. படப்பிடிப்பில் இருந்த யாரோ வாயைத் திறந்திருக்க வேண்டும். மறுநாள் விடிவதற்குள் அந்தத் தலைவன் யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. கூட ஆடியவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக் காது கூசத் திட்டினார்கள். செய்ததற்காகத் திட்டியவர்கள் இரண்டு பேர், வெளியே சொன்னதற்காகத் திட்டியவர்கள் ஒன்பது பேர். மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள்.

மதில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனான். அணில் வெள்ளைக் கோட்டுப் போட்டு, கண்ணாடி வில்லை ஒன்றை விளக்கில் காட்டி அழுக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. இவனைக் கண்டதும் வில்லையைப் பத்திரமாகத் துணியில் வைத்தான்.

"சங்கத்துக்கு எழுதிக் குடுக்கப்போறேன்டா," என்றான் மதில். "அன்னிக்கு நான் சொன்னது பொய்னு. உன்கிட்டச் சொல்லிட்டு..."

"என்கிட்ட ஏன்டா சொல்ற?" அணிலின் குரல் உயரவில்லை. "காட்சியை எடுக்கிறப்போ யாராவது என்னைக் கேட்டீங்களா? அக்காவும் நீயும் சண்டை போட என் கால்தான் கிடைச்சுதா?"

"அக்காகிட்ட நீ ஏன் என்னைக் காப்பாத்திப் பேசின?"

அணில் சிரித்தான். அதில் ஈரமே இல்லை. "உன்னையா? என்னைக் காப்பாத்திக்கிட்டேன்டா. கூட்டாளி கெஞ்சினான், அவனுக்காகக் காலைக் குடுத்தேன்னா நான் மனுஷன். சட்டையைப் பிடுங்கிடுவான்னு பயந்துக்கிட்டு வாயில காலுறையோட படுத்துக் கிடந்தேன்னா நான் யாரு? பதினோரு வருஷம் அந்த ஒரு பொய்யை வச்சுத்தான் நான் தூங்கினேன். அதையும் நாடு பூரா போட்டுக் காட்டிட்டீங்க. என் பொண்ணு நேத்து கேட்கிறா, ஏம்ப்பா நீங்க எழுந்து ஓடலைன்னு."

மதில் அவன் கையைத் தொடப் போனான். அணில் கையை இழுத்துக்கொண்டான்.

"எழுதிக் குடு. கண்டிப்பாக் குடு. ஆனா எனக்காகன்னு அதுல ஒரு வரி இருக்கக் கூடாது. இப்போ வெளிய போ. ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."

நிஜமாகவே, மதிலின் முதுகுக்குப் பின்னால் ஒரு வயதானவர் கண் டாக்டரின் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலையே மதில் எழுதினான். நாலே வரி. அணிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தான் என்ன செய்தான், என்ன பொய் சொன்னான் என்பது மட்டும். நேரில் போய்க் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டான். அந்த வாரக் கடைசியில் பயிற்சிக்கூடத்தார் அவன் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். சங்கம் பழைய கோப்பைத் திறந்து விசாரணை முடிவைத் திருத்தியது. அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ஒரு மாதம் ஆகிறது என்று இயக்குநர் தொலைபேசியில் சொல்லித் தெரிந்துகொண்டான். சொல்லிவிட்டு, அடுத்த பருவத்துக்கு ஆலோசகராக வர முடியுமா என்றும் அவர் கேட்டார். ஆட்டக்காரர்கள் எப்படி விழுவார்கள் என்று காட்ட அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

மதில் முடியாது என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தான்.