கோயில் மணி கேட்டால் ஒரு மூச்சு

1958ஆம் வருடத் தவக்காலத்தில், திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த ராயப்பராஜ், கோயில் மணி அடிக்கும்போது மட்டும் மூச்சுவிட்டார். காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, பொழுது சாய ஒன்று. மற்ற நேரமெல்லாம் நெஞ்சு அசையாது. வயிற்றில் புற்று. மகள் அல்போன்சாவின் கல்யாணம் ஈஸ்டருக்கு மறுநாள் என்று கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. அதற்குள் சாவு விழுந்தால் ஒரு வருடம் தள்ளிப்போகும்; மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுக்கிற ஆட்களில்லை. அதனால் அவர் இருந்தாக வேண்டும், அலறாமல் இருந்தாக வேண்டும் என்று மனைவி இஞ்ஞாசியம்மாள் பிடிவாதமாக நின்றாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் வலிக்கு அபின் சேர்ந்த சொட்டு மருந்து கொடுத்திருந்தார். செம்பட்டி வைத்தியர் ஒச்சப்பன் அமுக்கரா, சடாமாஞ்சில் வேர்களை இடித்துப்போட்ட கஷாயம் கொடுத்திருந்தார். கஷாயத்தைச் சொன்னால் டாக்டர் ஏசுவார். சொட்டு மருந்தைச் சொன்னால், பத்தியம் கெட்டதென்று வைத்தியர் கைகழுவிவிடுவார். இது தெரியாத பெண்பிள்ளை நம் ஊரில் உண்டா? இருவரிடமும் மூச்சுக் காட்டாமல் இரண்டையும் சேர்த்தே புகட்டினாள். அலறல் நின்றது, கூடவே மூச்சும். மணி கேட்டால் மட்டும் வந்தது. தெருவில் கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு குழாயடிக்குப் போய்விட்டார்கள்.

டாக்டர் வந்து, கடுகாய்ச் சுருங்கியிருந்த கண்மணியைப் பார்த்தார். "வேற எதும் குடுத்தியாம்மா?"

"பச்சத்தண்ணிகூட குடுக்கலய்யா."

அவர் டம்ளரை மோந்து பார்த்தார். "அடிப்பாவி! ரெண்டும் உறக்க மருந்து. ஒண்ணு சேர்ந்தா உடம்பு மூச்சையே மறந்துரும்."

"ஏசுவீகன்னுதான் சொல்லல" என்று அழுதாள். கஷாயம் அன்றே நின்றது. மருந்தை முறிக்க மாற்று ஊசியும் போட்டார்கள். உடம்பு மறந்தது மறந்ததுதான்.

அவள் நினைத்துப் பார்க்காதது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனை. அன்றைய பூசையோடு மணி அடங்கினால், சனி இரவு உயிர்ப்புப் பூசைவரை மணிக்குப் பதில் மரத்தட்டுதான். மணி அடிக்கிற கோயில்பிள்ளை சூசையின் காலில் விழுந்தாள். "ஒரே ஒரு தடவ இழுத்து விடுங்கண்ணே."

"ஆண்டவரு செத்துக் கெடக்கையில மணியா தாயி? என்னால ஏலாது" என்று அவரும் அழுதார்.

வியாழக்கிழமை இழுத்த மூச்சோடு ராயப்பராஜ் கிடந்தார். சனி இரவு மணி அடித்ததும் அது வெளியே வந்தது. திரும்ப உள்ளே போகவில்லை.

இஞ்ஞாசியம்மாள் அழவில்லை, சேதியை வாசல் தாண்ட விடவுமில்லை. திங்களன்று கோயிலுக்குப் புறப்படுமுன், வெள்ளைச் சட்டை மாட்டி அவரைச் சுவரில் சாய்த்து, அவர் கையைத் தானே தூக்கி மகள் நெற்றியில் சிலுவை போட்டாள். கை சில்லென்றிருந்ததை அல்போன்சா யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாயன்று அடக்கம்.

மூச்சு மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. மணி அடித்தால் காலிக் கட்டிலில் ஒன்று வந்து போகும். பார்க்க வந்திருக்கும் அல்போன்சா பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். வருடா வருடம் பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு கட்டில் சும்மா கிடக்கும். இஞ்ஞாசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். சனி இரவு மணி அடித்து, அந்த மூச்சு வந்தபிறகுதான் எழுந்துபோய் உலை வைப்பாள்.