ஜனாதிபதி கையெழுத்துக்கு முன்னால்

கூடப் படித்த திருவேங்கடம் பம்பாய் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆன நாளிலிருந்து வக்கீல் ஜகந்நாதனுக்கு வயிற்றெரிச்சல் தீரவே இல்லை. காலையில் கோர்ட்டில் அந்த மனுஷனுக்கு 'மை லார்ட்' என்று தலைகுனிய வேண்டும். சாயங்காலம் மாதுங்காவில் அவரோடு ஒரே கடையில் வாழைக்காய் பொறுக்க வேண்டும். என்ன பிழைப்பு இது!

அன்று மனைவி ஷ்யாமளா கோவிலிலிருந்து சேதியோடு வந்தாள்.

“ஏன்னா, ஜட்ஜாத்து மாமியைப் பார்த்தேன். டெல்லியிலேர்ந்து சீஃப் ஜஸ்டிஸே அவாத்துக்கு ட்ரங்க் கால் பண்ணினாராம். சுப்ரீம் கோர்ட் விஷயமாம். ஜனாதிபதி கையெழுத்துப் போடற வரைக்கும் மூச்சு விடப்படாதுன்னு சொல்லிச் சிரிக்கறா.”

ஜகந்நாதனுக்குக் காபி இறங்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டா? இவனா?

நியமிப்பது ஜனாதிபதிதான். ஆனால் அதற்கு முன் தலைமை நீதிபதி காதோடு காதாக விசாரிப்பார், மந்திரிகள் பார்ப்பார்கள், ஃபைல் மெல்ல நகரும். நடுவில் விஷயம் கசிந்தால் டெல்லிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஃபைல் அப்படியே படுத்துவிடும். ஜகந்நாதனுக்கு இது தெரியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை சபா கச்சேரியின் இடைவேளையில், ஆளுயர ரோஜா மாலையைத் திருவேங்கடத்தின் கழுத்தில் போட்டார்.

“நம்ம மாதுங்காவிலேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு!” என்று மைக்கில் முழங்கினார். முன்வரிசையில் பத்திரிகைக்காரர் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் முழங்கினார். சபை கைதட்டியது. திருவேங்கடம் மட்டும் வெளிறிப்போய் நின்றார்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. மாதக் கடைசியில் திருவேங்கடமே வீட்டுக்கு வந்தார்.

“ஜகா, டெல்லியில கைவிட்டுட்டாடா.”

“அடடா! உனக்கா இப்படி?” என்றார் ஜகந்நாதன். மனசு குளுகுளுவென்றிருந்தது. உள்ளே பார்த்து இரண்டு காபி சொன்னார்.

“எனக்கு என்ன? வக்கீல்கள்லேர்ந்து நேரா ஒருத்தரை எடுக்கலாம்னு சீஃப் ஜஸ்டிஸ் நினைச்சார். ஜகந்நாதன் எப்படின்னு என்னை ரகசியமா கேட்டார். அவனை விட்டா ஆளில்லேன்னேன். அடுத்த வாரம் உன் சம்மதத்தைக் கேட்டிருப்பார். அதுக்குள்ள பேப்பர்ல வந்துடுத்து. ரகசியம் தங்காத ஊர்லேர்ந்து யாருமே வேண்டாம்னுட்டார்.”

ஜகந்நாதன் ஆறிப்போன காபியில் கட்டியிருந்த ஏட்டை விரலால் ஒதுக்கினார்.

“அப்போ யாரைப் போடறா?”

“மெட்ராஸ் வக்கீல் வேங்கடசுப்ரமணியன்னு பேச்சு.”

ஜகந்நாதன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

“அவனா? அவனுக்கு என்னடா தகுதி?”