சோபாவிலிருந்து கட்டிலுக்கு

தையற்காரி தூக்க மாத்திரையைக் குறைக்கத் தொடங்கியதுமே, பஸ் ஓட்டும் அவள் கணவன் தலையணையோடு கூடத்துச் சோபாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டான். அவன் குறட்டை தெருவுக்கே பிரசித்தம். மாத்திரை முழுதாக நிற்கும்வரை இனி சோபாதான் என்று அவனே தீர்மானித்துக்கொண்டான். சோபாவோ குட்டை. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பான்.

அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சீக்கிரம் நிறுத்தினால் சீக்கிரம் அறைக்கு வந்துவிடுவானே! டாக்டரம்மா படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருந்ததில், யாரிடமும் சொல்லாமல் இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டினாள்.

தூக்கம் போனது. கை நடுங்கியது. அவன் சீருடைச் சட்டையில் அவள் தைத்த பொத்தான், துளையை விட்டு எங்கோ தள்ளி உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, இதுக்கு என் மேல என்ன கோபம்?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "என்ன பண்ணின, சொல்லு."

சொன்னாள். அவன் உடனே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, அன்றே அவளை அழைத்துப் போனான்.

"அன்னிக்கு என் வெள்ளைக் கோட்டைப் பிரிச்சுத் தைச்சுக் கொடுத்தீங்களே, நூலை ஒரே இழுப்பா உருவினீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஐயோ, துணி கிழிஞ்சிடுமே. ஒவ்வொரு தையலா..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப உடம்பு மட்டும் கந்தலா? இப்படித் திடீர்னு குறைச்சா வலிப்புகூட வரலாம். முந்தின அளவுக்கே போங்க. நிதானத்துக்கு வந்ததும் இன்னும் சின்னப் படியா இறங்கலாம். இது தோல்வியெல்லாம் இல்ல. ஆமா, அப்படி என்ன அவசரம்?"

"இவர் இடுப்புங்க."

கதையைக் கேட்டு டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "சோபாவுக்குப் போகச் சொன்னது யாரு?"

"நானாத்தாங்க" என்றான் அவன்.

"ரெண்டு பேருமே டாக்டராயிட்டீங்க. குறட்டையையும் அதுக்கான டாக்டர்கிட்ட காட்டணும், சீட்டு எழுதித் தரேன். அதுவரைக்கும் எங்க படுக்கறதுன்னு உங்க வீட்டுக்காரம்மாவைக் கேளுங்க."

"வீடு வெறிச்சுனு இருக்குங்க" என்றாள் அவள், கைப்பையின் வாரை முறுக்கியபடி.

அவன் கட்டிலுக்குத் திரும்பினான். அவள் கை மெல்ல நிதானத்துக்கு வந்தது. அளவு மறுபடி ஒரு சின்னப் படி இறங்கிய வாரம், காலை வெளிச்சத்தில் அவள் அந்தப் பொத்தானைப் பிரித்து இடம் மாற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான்.

"நேத்து குறட்டை விட்டேனா?"

"பஸ்ஸே ஓட்டினீங்க."

"எதுவரைக்கும் ஓட்டினேன்?"

"யாருக்குத் தெரியும்? நான்தான் பாதி வழியில தூங்கிட்டேனே" என்று நூலைக் கடித்து அறுத்தாள்.