பதினான்காவது கேள்வி

மூன்று முறை தேய்த்தும் கிண்ணம் வெளுக்கவில்லை. பின்பக்கக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து டாக்டரம்மா அதை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பினாயில் ஊற்றியாயிற்று, வெந்நீர் ஊற்றியாயிற்று, கம்பி நாரால் சுரண்டியும் ஆயிற்று. அப்பா மூன்று வாரமாகத் துப்பிய பிளாஸ்டிக் கிண்ணம் அது. அடியில் ஒரு பழுப்பு வளையம் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. இனிமேல் அது எதற்கும் ஆகாது, குப்பையில் போட வேண்டியதுதான். விடிகாலை ஐந்தரை மணிக்கே அப்பா போய்விட்டார். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். பதினோரு மணிக்கு வண்டி வரும்.

கூடத்தில் போய் உட்கார அவளுக்குத் துணிவு வரவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் பெட்டியைப் பார்க்கிறார்கள், அம்மாவைப் பார்க்கிறார்கள், பிறகு இவளைத் தேடுகிறார்கள். மாமா தேடிக்கொண்டு குழாயடிக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, நீ டாக்டருக்குத்தானே படிக்கிற? உனக்குக்கூடவா தெரியல?"

"நான் டாக்டருக்குப் படிக்கல மாமா."

"அப்புறம் என்னத்துக்கு அத்தனை வருஷம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாயைக் கொப்பளித்து அவள் காலடியிலேயே துப்பிவிட்டுப் போனார்.

அவள் படிப்பது பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை, இரண்டாம் வருடம். ஊசி போடத் தெரியாது. எந்தத் தெருவில் எந்த நோய் எதனால் வருகிறது என்று கணக்கெடுக்கத் தெரியும். இதைத் தெருவுக்குப் புரியவைக்கிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். "ஒரு ஆளுக்கு வைத்தியம் பாத்தா டாக்டர். ஊருக்கே பாக்கறவ எம்பொண்ணு," என்று கல் பட்டறையில் ஒவ்வொருவரிடமும் சொன்னார். தெரு அதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டது. காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வாள். "பெரிய டாக்டருங்க எல்லாம் இப்படித்தான்," என்று மரியாதையாகத் திரும்பிப் போவார்கள்.

அப்பாவுக்குத் தரைக்கல் அறுத்து மெருகேற்றுகிற வேலை. இருபத்தெட்டு வருடம். சாயங்காலம் கல்தூசியில் இமை மயிர்கூட வெளுத்துத்தான் வீட்டுக்கு வருவார். அந்தத் தூசி நெஞ்சை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய பேராசிரியரின் ஆராய்ச்சி. பட்டறைக்காரர்கள் குடியிருக்கிற தெருக்களில் அந்நிய ஆட்களுக்கு யாரும் வாய் திறப்பதில்லை என்பதால், அங்கேயே பிறந்து வளர்ந்தவளைச் சேர்த்துக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒரு ஃபார்ம், ஒவ்வொன்றிலும் நாற்பது கேள்வி. பதினான்காவது கேள்வி: சளியில் எப்போதாவது ரத்தம் வந்ததுண்டா? ஆமாம் என்றால் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டு வைத்திருக்கிறவர்களுக்கு எக்ஸ்ரே வண்டி வந்து படம் எடுக்கும், மருந்தும் இலவசமாகக் கிடைக்கும்.

நூற்றுப் பதினோரு வீட்டில் அவள் ஒழுங்காகக் கேட்டாள். பாயில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, தயங்குகிறவர்களிடம் அதே கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி கேட்டு, மனைவி எழுந்து போகிறவரைக்கும் காத்திருந்து கேட்டாள். முப்பத்தொரு சீட்டு கொடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டாவது வீடு அவளுடையது. ஃபார்ம்களைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில் அப்பாவிடம் வெறும் ஃபார்மை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப்பா," என்றாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"எதுவும் கேக்க வேணாமா?"

"இல்லப்பா. நம்ம வீடுதானே, நான் போட்டுக்கறேன்."

பஸ்ஸில் நின்றுகொண்டே போட்டாள். இல்லை, இல்லை, இல்லை என்று கட்டம் கட்டமாக மேலிருந்து கீழே ஒரே இறக்கமாக இறங்கினாள். அன்றைக்கு அவருக்கு ரத்தம் வர ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பட்டறைக் குழாயைத் திறந்துவிட்டுத் துப்பிவிட்டு வருவாராம். அம்மாவுக்குத் தெரியும். "அவளுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று அம்மாவின் வாயை அடைத்திருந்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இவள் தன் வீட்டுக்கு அதைக்கூடச் செய்யவில்லை.

அந்த எக்ஸ்ரே வண்டி தெருமுனையில் நின்ற நாளில் அப்பா வேலைக்குப் போகிற வழியில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று வேடிக்கை பார்த்தார். "எம்பொண்ணு கொண்டாந்த வண்டி," என்று வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார். கையில் சீட்டு இல்லாததால் ஏறவில்லை.

கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தபோது கை முழுக்கப் பினாயில் நாறியது. அந்த நாற்றம் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. தன்னை நினைத்தால் வருகிற குமட்டலுக்கு அது எவ்வளவோ மேல்.

பேராசிரியர் ஒன்பது மணிக்குக் காரில் வந்து இறங்கினார். கூடவே இவளோடு படிக்கிறவளும் வந்தாள்; வகுப்பில் அவளுக்கு ஒல்லி என்று பெயர். ஒல்லி நேரே ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேராசிரியர் ஐஸ் பெட்டிக்கு ஐந்தடி தள்ளி நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடியபடி தலை குனிந்தார். பிறகு அதே கைக்குட்டையால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். மாமா டீ கொண்டுவந்து நீட்டினார். கிளாஸின் விளிம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்பதான் குடிச்சேன்," என்றார். இந்தத் தெருவின் சுகாதாரத்தைப் பற்றி நாலு நாட்டில் போய்ப் பேசியிருக்கிற மனிதர் அவர். தெருவுக்குள் கால் வைத்தது இதுவே முதல் தடவை.

அவளைத் தனியாகப் பேச வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்கு அழைத்துப்போனார். சாக்கடையில் பட்டறைக் கழிவு வெள்ளைக் கூழாகத் தேங்கி, அதன்மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவர் ஷூ படாமல் ஒரு செங்கல்மேல் ஏறி நின்றுகொண்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நல்ல மனுஷன்." அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. "ஆனா நீ தைரியமா இருக்கணும். இருபதாம் தேதி இன்டர்வியூ. மறந்துடல இல்ல?"

மறக்கவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு இடம், உதவித்தொகையோடு. நானூறு பேரில் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய பரிந்துரைக் கடிதம் இல்லாமல் அந்த ஆறில் அவள் வந்திருக்க மாட்டாள்.

"ஏன் இந்த ஆராய்ச்சின்னு கேப்பாங்க. 'என் தகப்பனாரே இந்தத் தூசியாலதான் செத்தார்'னு ஆரம்பி. வேற எதுவும் வேணாம். மத்த அஞ்சு பேர் கிட்டயும் இப்படி ஒரு விஷயம் இருக்காது."

அவள் மனம் சும்மா இருக்கவில்லை. அந்த வாக்கியத்தை அது உடனே ஆங்கிலத்தில் அமைத்துப் பார்த்தது. வார்த்தையை முன்பின்னாக மாற்றிப் பார்த்தது. வாக்கியம் நன்றாகவே இருந்தது. பினாயில் நாறுகிற கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஒரு சின்ன சிக்கல்," என்று குரலைத் தாழ்த்தினார். "காலைல உங்க வீட்டு ஃபார்மை எடுத்துப் பாத்தேன். பதினாலுக்கு 'இல்லை'ன்னு இருக்கு. நீ அனுப்பின ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல எட்டு மாசமா ரத்தம்னு இருக்கு. கட்டுரையை அச்சுக்குக் குடுக்கற நேரத்துல இது இடிக்கும். வேற ஒண்ணும் பண்ண வேணாம். 'ஆமாம்'னு மாத்திட்டு, 'எக்ஸ்ரேக்கு அழைத்தோம், வர மறுத்துவிட்டார்'னு போட்டுடலாம். இந்த மாதிரி ஆளுங்க வரமாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. உனக்கும் நல்லது."

ஆறு மணிக்கு அவருக்குச் செய்தி சொன்னாள். இங்கே வந்து சேர்வதற்குள் அலமாரியைத் திறந்து ஃபார்மைத் தேடியிருக்கிறார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அதைக் கைக்குட்டை சகிதம் செய்கிற ஆளை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"சாவு ஃபார்மையும் இன்னிக்கே முடிச்சிடலாம். எல்லாரும் வீட்ல இருக்காங்க. அந்தப் பொண்ணை உள்ள அனுப்பியிருக்கேன்."

கணக்கெடுப்பில் இருந்த ஒருவர் செத்துப்போனால், வீட்டாரிடம் கேட்டு என்ன நோய், எப்படி வந்தது என்று எழுதுகிற படிவத்துக்குத்தான் மாணவிகள் சாவு ஃபார்ம் என்று பெயர் வைத்திருந்தார்கள். துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு மாதம் கழித்துப் போவதுதான் முறை. அந்த முறையை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டவரே இவர்தான்.

அவள் அவரை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்படியில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒல்லி மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, எழுதவும் மனமில்லாமல் எழுந்திருக்கவும் தைரியமில்லாமல் இருந்தாள். அடுப்படி ஜன்னல் அந்தச் சந்துப் பக்கமாக அகலத் திறந்துகிடந்தது. பேசியது ஒன்றுவிடாமல் இங்கே கேட்டிருக்கும்.

"ஆன்ட்டி, வேணாம்னா விட்டுடலாம்," என்றாள் ஒல்லி.

"கேளும்மா. என்ன இருக்கு கேக்கறதுக்கு."

"ரத்தம் எப்பலேர்ந்து வந்துச்சு?"

"எட்டு மாசமா."

ஒல்லி அடுத்த கேள்வியைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் வந்து நின்ற பேராசிரியரைப் பார்த்தாள். "எக்ஸ்ரேக்கு... எக்ஸ்ரேக்கு அவரைக் கூப்பிட்டாங்களா?"

அம்மா மகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டாங்க. நல்லா கூப்பிட்டாங்க. அவருதான் போகல. எத்தனையோ சொல்லிப் பாத்தேன். பிடிவாதம். சொன்ன பேச்சு கேக்கற மனுஷனா?"

முப்பது வருடத்தில் அம்மா அப்பாவைப் பற்றி வெளி ஆளிடம் ஒரு சொல் குறைவாகச் சொன்னதில்லை. ஐஸ் பெட்டிக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பேராசிரியர் மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்கு அருவருப்பு உச்சந்தலைக்கு ஏறியது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. அம்மாவின்மேல் கோபப்பட முடியவில்லை.

"எழுதினதை அடிச்சுடு," என்றாள் ஒல்லியிடம். "யாரும் கூப்பிடல. நான் அவரைக் கேக்கவே இல்ல. வெறும் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டுப் போய் பஸ்ல உக்காராம நின்னுக்கிட்டே நானா 'இல்ல'ன்னு போட்டேன். அப்படியே எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லடி," என்றாள் ஒல்லி, அழுகிற குரலில்.

"ஓரத்துல எழுது. என் பேரையும் போடு."

"யோசிச்சுப் பேசும்மா," என்றார் பேராசிரியர்.

"யோசிக்காம எழுதினதுதான் சார் அந்த ஃபார்ம்."

"இப்படி ஒண்ணை எழுதிவச்சுட்டா நூத்துப் பன்னெண்டு ஃபார்மையும் சந்தேகப்படுவாங்க. ரெண்டு வருஷ உழைப்பு. இருபதாம் தேதிக்கு நான் கொடுத்த லெட்டரைத் திரும்ப வாங்கிக்க வேண்டியிருக்கும். புரியுதா?"

"வாங்கிக்கோங்க."

அவர் ஒரு நிமிடம் நின்றார். இன்னும் ஏதாவது சொல்வாள், அழுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். பிறகு கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஒல்லியை அழைத்துப்போகக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஒல்லி ஃபார்மின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள். இடம் போதாமல் பக்கத்தைத் திருப்பி, பக்கவாட்டில் எழுதினாள். கூடத்தில் யாரோ புதிதாக வந்து அழுதுவிட்டு ஓய்ந்தார்கள்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாருல்லம்மா?" என்றாள் டாக்டரம்மா. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

அம்மா அடுப்பைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"எங்கிட்ட சொன்னதே பாதிதான். உங்கிட்டன்னா சொல்லியிருப்பாரு," என்றாள்.

டாக்டரம்மா தரையில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி. பினாயில் நாறுகிற கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை இருக்கும்மா?" என்று அம்மா ஒல்லியிடம் கேட்டாள்.

"பதினேழு இருக்கு ஆன்ட்டி. இன்னொரு நாள்..."

"இன்னிக்கே கேட்டுடு."

ஒல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளைத் திருப்பினாள். "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?"

"இல்ல," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

ஒல்லி கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.