ரீச்சரின் குரலில் வந்த அழைப்பு

ஆங்கிலத்தில் கேலி செய்வதற்கும் பிறரைப்போல் நடிப்பதற்கும் உள்ள சொற்களை றிஹானா அன்று வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். அரியாலையில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பதினொரு பெண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலைகளில் அவள் ஆங்கிலம் படிப்பித்தாள்.

"மிமிக் என்டா ஒரு ஆள் செய்றத அப்படியே செஞ்சு காட்டுறது. மொக் என்டா அதையே மனசு நோகச் செய்றது. பரட், விளங்காம திருப்பிச் சொல்றது. டேக் ஓஃப்..."

"பிளேன் எழும்புறது மிஸ்," என்றாள் ஒருத்தி.

"ஆள நடிச்சுக் காட்டுறதுக்கும் அதச் சொல்லுவாங்க. யாரு செய்யப் போறீங்க?"

நிரோஜா எழுந்தாள். வாயைத் திறந்ததும் றிஹானாவே பேசுவதுபோல இருந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, வாப்பாவோடு அவருடைய ஊரான யாழ்ப்பாணத்துக்கு வந்து ஆறு வருடமாகியும் போகாத அந்த இழுவை, அடிக்கடி வரும் "விளங்கினதா மகள்?", மூச்சு வாங்கும் இடம்கூட அப்படியே. எல்லோரும் சிரித்தார்கள். றிஹானாவும் சிரித்தாள். பிறகு கடைசிச் சொல்லை எழுதினாள்: இம்பர்சனேட். நான்தான் அந்த ஆள் என்று மற்றவரை நம்ப வைப்பது.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. சோனகத்தெரு வீட்டில் வாப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. வகுப்புக்கு வரும் தக்சாயினியின் தாய் கமலாவதி.

"ரீச்சர், வகுப்பு இன்னும் முடியேல்லையோ?"

"பத்து மணிக்கே முடிஞ்சிட்டே அம்மா."

"நீங்கள்தானே காலமை எடுத்து, பேப்பர் செய்விக்கிறன், ஒரு மணிக்குத்தான் விடுவன் எண்டனீங்கள்?"

"நான் எடுக்கல்லயே."

"நம்பர் வேறை எண்டாலும் உங்கடை குரல் எனக்குத் தெரியாதே? என்ரை பிள்ளையை எங்கை வைச்சிருக்கிறியள்?"

இருபது நிமிடத்தில் கமலாவதியின் தமையன் தம்பிஐயா மோட்டார்சைக்கிளில் வந்து வாசற்படலையடியில் நின்றார். வாப்பா முத்தலிப் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"பிள்ளை வராட்டில் பொலிசுக்குப் போவன். உங்கடை பேரைத்தான் குடுப்பன்."

அயல்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். தான் பேசவில்லை என்று யாரிடம் சொல்லி நம்பவைப்பது? அந்தக் குரலைக் கேட்டவள் பிள்ளையைப் பெற்ற தாய். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, இத்தனை காலத்துக்குப் பிறகு வந்து வீட்டுக்குக் கூரை போட்டிருக்கிறார் வாப்பா. ஒரு பிள்ளை காணாமற்போனால் இந்தப் படலையடியில் நாளை எத்தனை பேர் நிற்பார்கள்?

"அழைப்பு வந்த நம்பரைச் சொல்லுங்க அண்ணை," என்றாள்.

அவர் தங்கச்சிக்கு எடுத்துக் கேட்டுச் சொல்லச் சொல்ல, றிஹானா தன் கைபேசியில் அழுத்தினாள். கடைசி இலக்கத்தோடு பெயர் வந்தது: நிரோஜா. எடுத்துப் பார்த்தாள். அழைப்புப் போகவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நிரோஜா தன் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். இருவரையும் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏசமாட்டேன் மகள். அவ எங்க?"

"ஒரு மணிக்கு முன்னம் வந்திடுவன் எண்டவள் மிஸ். அதுதான் உங்கடை குரலிலை எடுத்தனான்." அழத் தொடங்கினாள். "தொண்டைமானாத்துக்குப் போனவள். சந்நிதி கோயிலடியிலை ஒராளைப் பாக்க. சுபாங்கனாம். கம்பஸிலை படிக்கிறாராம். மூண்டு மாசமா என்ரை போனிலைதான் கதைக்கிறவள். முகம் பாக்கேல்லை. அவள் வராததாலை பயத்திலை போனை நிப்பாட்டிட்டன்."

தம்பிஐயா கையை ஓங்கினார். றிஹானா குறுக்கே நின்றாள்.

நிரோஜாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அச்சுவேலி வழியாக ஓட்டினாள். தம்பிஐயா பின்னால் வந்தார். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் யன்னலையும் பார்த்தாள். ஆற்றங்கரை வந்ததும் தண்ணீர்ப் பக்கம் திரும்பவேயில்லை.

கோயிலுக்குப் பக்கத்து அன்னதான மடத்தில், பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே தக்சாயினி இருந்தாள். றிஹானாவைக் கண்டதும் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தது அப்பாவின்ரை வயசு ஆள் மிஸ். வேறை ஆரோ எண்டு நினைச்சன். 'தச்சு, பைக்கிலை ஏறும்' எண்டார். அதே குரல். ஓடிவந்து இவையோடை இருந்திட்டன். ஹெல்மெட்டைக் கழட்டாமல் கனநேரம் வாசலிலையே நிண்டவர். வெளியிலை போகப் பயமாக் கிடந்தது."

றிஹானா வாசலைப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு வந்த ஆண்கள் இருபது முப்பது பேர் நின்றார்கள். வேட்டி கட்டியவர்கள், காற்சட்டை போட்டவர்கள். ஒருவர் கைபேசியில் பேசியபடி இந்தப் பக்கம் திரும்பினார்.

"அவரா?"

"தெரியேல்லை. ஹெல்மெட்டுக்குள்ளை முகத்தை வடிவாப் பாக்கேல்லை. கதைச்சால்தான் தெரியும்."

அந்த ஆள் பேச்சை முடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். பிள்ளையின் கையை விடாமலே றிஹானா கமலாவதிக்கு எடுத்தாள்.

"அம்மா, பிள்ள கிடைச்சிட்டா."

"ஆர் கதைக்கிறது?"

"றிஹானா டீச்சர்."

"காலமையும் உப்பிடித்தான் சொன்னது. பிள்ளையிட்டைக் குடுங்கோ."

தக்சாயினி "அம்மா" என்றாள். இன்னொரு தரம் "அம்மா" என்றாள்.

"இனிக் குரலை நம்பமாட்டன். அண்ணை நிக்கிறாரே? அவரிட்டைக் குடு."

தம்பிஐயா வாங்கி, "ஓம், நான்தான். நான் கண்ணாலை பாக்கிறன், இஞ்சைதான் நிக்கிறாள்," என்று மூன்று தரம் சொன்னார். அதன் பிறகே அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் றிஹானாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த ஆளின்ரை நம்பரைப் பொலிசிலை குடுக்கவேணும். நீங்களும் வரவேணும், ரீச்சர்."

ஓம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.