சுடாத ஆறாவது தோட்டா

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு ஜனவரி மாதம் பதினாறாம் நாள், வியாழக்கிழமை. விடியலுக்கு முன்பிருந்தே ஷார்ஜாவை மூடுபனி போர்த்தியிருந்தது, வெப்பம் பதினான்கு பாகை, காற்று அசைவற்றிருந்தது. ஏழாம் மாடிச் சாளரத்துக்கு அப்பால் ரோலாவின் பேருந்துகளும் பணமாற்றுக் கடைகளின் பெயர்ப்பலகைகளும் இருந்த இடம் தெரியவில்லை. அற்புதராணி தம் கணவரின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது.

"பாண்டியாத்தான் இருக்கும். ஸ்பீக்கர்ல போடு ராணி," என்றார் ஞானசிங், உயிர்வளி முகமூடிக்குள்ளிருந்து.

"மொதல்ல ரெண்டு ஸ்பூன் கஞ்சி."

"கஞ்சி எங்கயும் ஓடிப்போகாது."

அவரும் எங்கும் ஓடிப்போக மாட்டார் என்று சொல்ல அற்புதராணிக்கு வாய் வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றியவர் அவர். கணவரின் நுரையீரல் இரண்டும் தேங்காய்நார் போல இறுகிவிட்டன என்பதையும், திங்கட்கிழமை மருத்துவமனை அவரை வீட்டுக்கு அனுப்பியதன் பொருளையும் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் உயிர்வளிப் பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் அவர்களுடைய மகள் ஷாஜினி, தந்தையின் விரலில் மாட்டிய கருவியில் எண்களைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தாள்.

"அண்ணே, ஒடம்பு எப்புடி இருக்கு?" என்றது பாண்டித்துரையின் குரல்.

"ஒடம்பு கெடக்கட்டும். வெள்ளிக்கு என்ன ஆச்சு?"

வெள்ளி என்பது ஒரு சுழல் துப்பாக்கி. பாலைவனத்து ஓரத்தில் இருக்கும் சுடும் பயிற்சிக் கூடத்தில் ஞானசிங் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆயுதப் பழுதுபார்ப்பவர். பாண்டித்துரை அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். புதிதாகத் தொடங்கவிருந்த பெண்கள் வகுப்புக்குப் பன்னிரண்டு சுழல் துப்பாக்கிகள் வாங்க நிருவாகம் முடிவு செய்திருந்தது. கூடத்தின் இருப்பில் இருந்தவை ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டாக்கள் மட்டுமே. சுழல் துப்பாக்கிக்கென்று வேறு தோட்டா தருவிக்க வேண்டுமானால் அனுமதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே, பிஸ்டல் தோட்டாவையே சுடும் சுழல் துப்பாக்கி எதுவோ அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஞானசிங்கிடம் விடப்பட்டது. இரண்டு மாதிரிகள் வந்திருந்தன. ஒன்று கனமான வெள்ளி, மற்றொன்று எடை குறைந்த கறுப்பு. இன்று நண்பகலில் விற்பனையாளர் இரண்டையும் எடுத்துச் சென்றுவிடுவார். பதினொரு நாள்களாக ஞானசிங் ஒப்புதல் தராமல் இருந்தார்.

"வெள்ளி சொதப்பிருச்சுண்ணே. மூணாவது ரவுண்டுக்கு மேல உருளை இறுக்குது. ட்ரிக்கர இழுத்தா ரெண்டு புல்லட் வெடிக்கவே இல்ல. கறுப்பு ஜம்முனு நூறும் போயிருச்சு. மேனேஜர் சார் கறுப்பே போதும், காலாஸ், அவ்வளவுதாங்குறாரு. நீங்க ஒரு வார்த்தை சரின்னா முடிஞ்சுது."

ஞானசிங் கண்களை மூடினார். இரண்டு மூச்சுகள் சென்றன.

"பாண்டி. கறுப்புல ஆறு போடு. அஞ்சு மட்டும் சுடு. ஆறாவத வெளிய எடுத்து நீளம் அள. போடுகதுக்கு முன்னயும் அளக்கணும். வெள்ளிலயும் அதே மாதிரி."

"சுடாத தோட்டாவ அளந்து என்னண்ணே பண்ண?"

"அளந்துட்டு நீயே சொல்லு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ஷாஜினி நிமிர்ந்தாள். "அப்பா, ப்ளீஸ். வேற யாராவது சூஸ் பண்ணட்டும். நீங்க எங்ககூட பேசுங்க."

"பேசத்தானே போறேன் மக்ளே."

அதன்பின் அவர் பேசினார்; விட்டுவிட்டு, மூச்சுக்கு மூன்று சொற்களாகப் பேசினார். பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு இதே போன்ற எடை குறைந்த துப்பாக்கி ஒன்றுக்கு அவசரத்தில் கையொப்பமிட்டிருந்தார். ஒவ்வொரு குண்டும் வெடிக்கும்போது துப்பாக்கி பின்னோக்கி உதறுகிறது. அந்த உதறலில், காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் ஈய முனை தன் கூட்டிலிருந்து மயிரிழை மயிரிழையாக முன்னுக்கு நகர்கிறது. அன்று ஒரு முனை நகர்ந்து நீண்டு, உருளை பூட்டிக்கொண்டது. சுட்டுக்கொண்டிருந்தவள் புதிதாகப் பழக வந்த பெண். என்ன ஆயிற்று என்று அறிய, அவள் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பிக் குழலுக்குள் பார்த்தாள்.

"ஐயோ," என்றாள் ஷாஜினி மெதுவாக.

"ஒண்ணும் ஆகல. நான் கையப் புடிச்சிட்டேன். அந்தப் பிள்ளைக்கு உன் வயசுதான் இருக்கும்." அவர் மனைவியைப் பார்த்தார். "அண்ணைக்கு அயலை மீன்கறி வச்சிருந்த. நான் திங்கல."

அற்புதராணிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. குழம்பு வாயில் வைக்கும்படி இல்லையா என்று தாம் சண்டையிட்டதும், மூன்று நாள் பேசாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு பணிநாள் முடிவிலும் மருந்து நாற்றத்தோடு தாம் வீடு திரும்பியதையும், எண்ணெய் நாற்றத்தோடு கணவர் திரும்பியதையும், அவரவர் கைகளுக்குள் எந்த உயிர்கள் வந்து சென்றன என்று இருவருமே கேட்டுக்கொள்ளாததையும் அவர் இப்போதுதான் எண்ணிப் பார்த்தார்.

"அப்பமே சொல்லியிருந்தா என்னவாம்?" என்றார்.

"நீ மூணு நாள் பேசல. எப்படிச் சொல்ல?"

ஷாஜினி சிரித்துவிட்டு உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாற்பது நிமிடங்களில் பாண்டித்துரை மீண்டும் அழைத்தார். இம்முறை அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அண்ணே, கறுப்புல போடும்போது இருபத்தெட்டு புள்ளி ஒம்பது மில்லி. அஞ்சு சுட்ட பெறவு அந்த ஆறாவது இருபத்தொம்பது புள்ளி ஏழு. நாலு தடவ அளந்து பாத்துட்டேன், அதேதான்."

"வெள்ளி?"

"அசையவே இல்ல. ஆனா அது இறுக்குதேண்ணே. இறுக்குனாலும் ஆபத்துதான? ரெண்டையும் திருப்பி அனுப்பிரவா? அப்ப வகுப்பே வேணாம்னுருவாரு மேனேஜர்."

ஞானசிங் எழுந்து அமர முயன்றார். மகள் தாங்கிப் பிடித்தாள்.

"ஃபோன வெள்ளியோட உருளைப் பக்கத்துல வையி. கிளிப்புல காலிக் கூடு ஆறும் மாட்டி உள்ள போடு. மெதுவாச் சுத்து. நான் கேக்கணும்."

பிஸ்டல் தோட்டாவின் அடிப்பாகத்தில் விளிம்பு இல்லை. சுழல் துப்பாக்கியின் தள்ளுகோல் பற்றுவதற்கு அதில் பிடி கிடையாது. ஆகவே ஆறு தோட்டாக்களையும் ஒன்றாகக் கவ்விப் பிடிக்க, நட்சத்திரம் போல வெட்டிய மெல்லிய எஃகுத் தகடு ஒன்று வேண்டும். அதையே அவர்கள் கிளிப் என்றார்கள். கணவரின் கால்சட்டைப் பைகளிலிருந்து அத்தகைய தகடுகளைத் துவைக்கும் வேளையில் பலமுறை எடுத்திருந்த அற்புதராணி, அவற்றை ஏதோ குழாய் வளையம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார். இப்போதும் ஒன்று கட்டிலருகே நிலைப்பெட்டி இழுப்பறையில் கிடந்தது.

கைப்பேசியில் ஏதோ கரகரத்தது. ஞானசிங் தலையை ஆட்டினார்.

"கேக்கல. இந்த மெஷின் சத்தம். ராணி, இத நிறுத்து."

"மம்மி, நோ," என்றாள் ஷாஜினி.

"சின்ன சிலிண்டர் இருக்கு, அதை மாட்டுதேன்," என்றார் அற்புதராணி.

"அதுவும் காதுக்குள்ள சீறும். மாஸ்க்கையும் எடு. ரெண்டே நிமிசம்."

இரண்டு நிமிடத்தின் விலை என்ன என்று அற்புதராணிக்குத் தெரியும். விரல் கருவியில் உயிர்வளி அளவு எண்பத்தாறு இருந்தது. முகமூடி அகன்றால் எழுபதுக்குக் கீழே செல்லும். சென்றது திரும்பி ஏறுமா என்பதைச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. தம் பணிக்காலம் முழுவதும் இந்தக் கேள்வியைப் பிறர் கணவர்களுக்காகவே எதிர்கொண்டவர் அவர். அப்போதெல்லாம் விதி ஏட்டில் இருந்தது. கை தானாகவே இயங்கியது.

"நீ நர்ஸ், மம்மி," என்றாள் மகள். அவள் குரல் உடைந்திருந்தது.

ஞானசிங் கெஞ்சவில்லை. மனைவியைப் பார்த்தவாறு காத்திருந்தார். பன்னிரண்டு பெண்கள், முகம் தெரியாதவர்கள், அந்தப் பார்வைக்குப் பின்னால் வரிசையாக நிற்பதாக அற்புதராணிக்குத் தோன்றியது. அவர் குனிந்து பொத்தானை அழுத்தினார். முகமூடியைக் கழற்றித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

அறை அதுவரை அறியாத அமைதி ஒன்றை அடைந்தது.

டிக். டிக். டிக். உருளை சுழன்றது. ஞானசிங்கின் உதடுகள் நீலம் பாரித்தன. ஆனால் அவர் முகம் மாறியது. நெற்றிச் சுருக்கங்கள் மறைந்தன. கண்கள் எதையும் பார்க்காமல் திறந்திருந்தன. கருவுற்ற வயிற்றில் குழலை வைத்துச் சிசுவின் துடிப்பைத் தேடும் தருணத்தில் தம் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அற்புதராணி எண்ணினார். தாம் மட்டுமே அறிந்ததாக நம்பிய ஒரு கவனம், இத்தனை ஆண்டுகளும் ஒரே கட்டிலின் மறுபுறத்தில் படுத்திருந்தது.

"ஒரு எடத்துல ஒரசுது," என்றார் ஞானசிங். "ஆறுல ஒண்ணு. கிளிப்ப வெளிய எடு. ஒரு ஓட்டை தள்ளிப் போடு. திரும்பச் சுத்து."

"செவன்ட்டி ஃபோர்," என்றாள் ஷாஜினி.

டிக். டிக். அற்புதராணியும் மூச்சடக்கிக் கேட்டார். முதலில் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு, ஆறு ஒலிகளுள் ஒன்றுக்கு மட்டும் முன்னால், பட்டுத்துணியை நகத்தால் கீறுவது போன்ற ஒரு சிற்றொலி கேட்டது. அது முன்னைவிட ஓர் இடம் தள்ளி வந்தது.

"கிளிப்போட சேந்து ஒரசலும் நகருது," என்றார் ஞானசிங். "துப்பாக்கி மேல குத்தமில்ல. கிளிப்பு வளைஞ்சிருக்கு. காலிக் கூட்ட எப்படிக் கழத்துன?"

"கழட்டுற டூல் சாம்பிளோட வரலண்ணே. கொறடால நெம்பி எடுத்தேன்."

"பல்லால கடிச்சு எடுக்கலயே. அது வரைக்கும் சந்தோசம்."

"அண்ணே..."

"புதுக் கிளிப்பு போடு."

"சிக்ஸ்ட்டி எய்ட். மம்மி!"

அற்புதராணி முகமூடியைக் கையில் எடுத்தார். ஞானசிங் ஒரு விரலை உயர்த்தினார். டிக், டிக், டிக், டிக், டிக், டிக். ஆறும் ஒரே அளவில், ஒன்றுக்கொன்று வேறுபாடின்றி, மூடுபனிக்குள்ளிருந்து வந்து விழுந்தன.

"கொள்ளாம்," என்றார் ஞானசிங்.

அவர் வாயிலிருந்து அந்தப் பாராட்டுச் சொல் எளிதில் வருவதில்லை. அற்புதராணி முகமூடியைப் பொருத்தினார். பெட்டி மீண்டும் உறுமியது. எண் எழுபத்தொன்பது வரை ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை.

"வெள்ளி," என்றார் ஞானசிங், முகமூடிக்குள்ளிருந்து. "என் பேர்ல ஒப்புதல் எழுது. ஒவ்வொரு கிளிப்பையும் மாட்டுகதுக்கு முன்ன கண்ணாடி மேல வச்சு, ஓரத்துல விரலால தட்டணும். ஆடினா தூரப் போடணும். அதையும் எழுது."

"எழுதிருறேண்ணே. நீங்க ரெஸ்ட் எடுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை லீவுதான், நேர்ல வந்து பாக்குறேன். அண்ணி, அண்ணன பாத்துக்கங்க."

அற்புதராணி தலையசைத்தார், கைப்பேசிக்கு அது தெரியாது என்பது பின்னரே உறைத்தது.

நண்பகலில் மூடுபனி விலகியது. துபாய்ப் பேருந்துகளின் ஒலிப்பான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஞானசிங் மகளின் கையைப் பற்றியவாறு இருந்தார். அவள் படிக்கும் பாடம் என்ன என்று வினவினார். அவள் பாதி ஆங்கிலத்தில் விளக்கியதை முழுவதும் புரிந்துகொண்டவர் போலக் கேட்டார். மூன்று மணிக்குமேல் பேச்சு நின்றது. மூச்சு நீண்டது, நின்றது, மீண்டும் தொடங்கியது. ஷாஜினி தாயை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது குற்றச்சாட்டா, வேறெதுவா என்று அற்புதராணி ஆராயவில்லை. மகளின் தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நான்கு மணியளவில் அற்புதராணி தம் பழைய பரிசோதனைக் குழலை எடுத்துக் காதுகளில் மாட்டினார். பெட்டியின் உறுமலில் எதுவும் கேட்கவில்லை; பிறகு, சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, பெட்டியை நிறுத்தினார். இம்முறை ஷாஜினி தடுக்கவில்லை. குழலின் மறுமுனையில் துடிப்பு இருந்தது. ஒழுங்கற்று, தொலைவில், எந்த அவசரமும் இன்றி இருந்தது. ஒன்று. நெடுநேரம் கழித்து மற்றொன்று. அதற்கடுத்ததற்காக அவர் காத்திருந்தார். தம் மூச்சையும் அடக்கிக்கொண்டு, கண்கள் எதையும் பார்க்காமல் காத்திருந்தார்.

பின்னர் குழலைக் கழற்றி மடித்து வைத்தார். கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். இழுப்பறையைத் திறந்து, தாம் குழாய் வளையம் என்று நினைத்திருந்த அந்த எஃகுத் தகட்டை எடுத்தார். நிலைப்பெட்டியின் மேற்பரப்பு கண்ணாடி. அதன்மேல் தகட்டை வைத்து, ஓரத்தில் ஒரு விரலால் மெல்லத் தட்டினார்.

அது ஆடவில்லை.

மணி நான்கு பதினேழு.