ட்யூப் அக்காவின் நீர்நாய்

தன் மானம் போன படத்தைத் தன் கடை மிஷினிலேயே பெரிதாக்கிக் கொடுத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை திறப்பதற்கு முன்னால், ஊருக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க் கரையில் கேமராவோடு போய் நிற்பது என் பழக்கம். அப்படிப் போகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். எந்தப் பறவையை, எந்த விலங்கைப் பார்த்தாலும் அதில் பதிவு செய்வோம். தலைவர் பல் டாக்டர். படம் இல்லையென்றால் பதிவும் இல்லை என்பதில் மனுஷன் படு கறார்.

போன வருஷ மழைக்காலம் முடிந்த கையோடு நான் அங்கே ஒரு நீர்நாயைப் பார்த்தேன். வழுவழுவென்று ஈர முதுகு, தட்டைத் தலை, மீசை. சத்தியமாகப் பார்த்தேன். அவசர அவசரமாகப் பட்டனை அமுக்குவதற்குள் அது முங்கிவிட்டது. படத்தில் விழுந்தது, கரையோர வேரில் மாட்டிக் கிடந்த பழைய லாரி ட்யூப். சந்தோஷத்தில் அதைக்கூடச் சரியாகப் பார்க்காமல், 'நம்ம கால்வாயில் நீர்நாய்!' என்று குழுவில் போட்டுத் தொலைத்தேன்.

"அக்கா, உங்க நீர்நாய்க்குக் காத்து இறங்கிடுச்சு போல. பஞ்சர் ஒட்டிட்டு மறுபடி போடுங்க" என்று எழுதினார் டாக்டர். எழுதிவிட்டுப் பதிவை நீக்கிவிட்டார். அதோடு விட்டாரா? ஆண்டுக் கூட்டத்தில் எல்லோரும் பார்த்துச் சிரிப்பதற்காக அந்தப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி என் கடைக்கே அனுப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து டாக்டர் புண்ணியத்தில் எனக்கு ட்யூப் அக்கா என்று பெயர். கட்டினவராவது என் பக்கம் நிற்பார் என்று பார்த்தால், "ட்யூப் அக்கா, டீ ஆறுது" என்கிறார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீக்கின பதிவை அந்த டாக்டர் கையாலயே திரும்ப ஏத்த வைக்கலேன்னா கேமராவையே வித்துடறேன், பாருங்க!"

"அந்த ஓட்டைக் கேமராவை எவன் வாங்குவான்?" என்றார் என் வீட்டுக்காரர்.

பனிக்காலம் முழுக்கக் கரையில் தவம் கிடந்தேன். நீர்நாய் வரவில்லை. வாலாட்டிக் குருவிகள்தான் வந்தன. ஈர மண்ணில் அவை ஓடுகிற ஓட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பேன். கடை ஞாபகமே வராது. பனி போய் வெயில் காலம் தொடங்கியதும் குருவிகள் கிளம்பிப் போய்விட்டன. ஆண் மீன்கொத்தி ஒன்று மீனைப் பிடித்துவந்து தன் ஜோடிக்கு ஊட்டியது. அந்தப் படத்தை வீட்டுக்காரரிடம் காட்டி, "பாத்துக் கத்துக்குங்க" என்றேன். கோபத்தோடு போக ஆரம்பித்தவள்தான். ஆனால், பொய் சொல்வானேன், அந்தக் காலை நேரங்களைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

கோடையில் தண்ணீர் வற்றி, ஒரு தட்டைப் பாறை வெளியே தெரிந்தது. அதன்மேல் குவியலாக எச்சம், உள்ளே முழுக்க மீன் செதில்கள். மோந்து பார்த்தேன். குடலைப் பிடுங்கும் நாற்றம். நீர்நாய்தான்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கூட வந்திருந்த வீட்டுக்காரர் மிரண்டு போனார். "இதை மோந்து பாத்துட்டு அழறியே, வாம்மா, டாக்டர்கிட்ட போகலாம்."

"அந்தப் பல் டாக்டரைத் தவிர எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் வர்றேன்."

எச்சத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "நீர்நாய் எங்கக்கா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் டாக்டர்.

மழை வந்தது. தண்ணீருக்கு மேலே தட்டான்கள் பறந்தன. கொக்குகள் முதுகில் புது இறகு விட்டு, மாப்பிள்ளை முறுக்கோடு திரிந்தன. ட்யூப் மட்டும் அதே வேரில் அசையாமல் கிடந்தது. எடுத்து எறிந்திருக்கலாம். வீம்புக்கு விட்டுவைத்திருந்தேன்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் நான் சேற்றில் குப்புறப் படுத்திருந்தபோது பின்னால் கார் வந்து நின்றது. இறங்கியவர் டாக்டர். கையில் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ்.

"என்னக்கா, இன்னிக்காவது காத்து அடிச்சீங்களா?"

அந்த நேரம் பார்த்துத் தண்ணீரில் குமிழிகள் வரிசையாக வந்தன.

"வாயை மூடுங்க!" என்றேன். நாள் முழுக்க வாயைத் திற, வாயைத் திற என்று சொல்கிறவர், டக்கென்று மூடிக்கொண்டு பக்கத்தில் படுத்தார்.

முதலில் தாய் எழும்பியது, வாயில் துள்ளுகிற மீனோடு. அதன் பின்னால் ஒரு குட்டி. ஐயோ, இன்னொரு குட்டி! இரண்டும் நேராக ட்யூபுக்குப் போயின. ஒன்று அதன்மேல் ஏறி வழுக்கி விழுந்தது. மற்றது கடித்து இழுத்தது.

டாக்டர் பீரங்கியைத் தூக்கினார். காரில் ஏசி குளிரிலேயே கிடந்த லென்ஸ். வெளிக்காற்று பட்டதும் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. சட்டையால் துடைத்தார். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தார்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா! நீங்க எடுங்க, விட்டுடாதீங்க, எடுங்க!"

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. ட்யூபின் வளையத்துக்குள் ஒரு குட்டி தலையை நுழைத்து, மீசையில் தண்ணீர் சொட்ட என்னையே பார்த்தது. எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அவை போன பிறகு டாக்டர் சேற்றிலேயே உட்கார்ந்து என் ஓட்டைக் கேமராவில் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "தப்பு என்னுதுதான்க்கா" என்று சொல்லி, அங்கேயே போனை எடுத்து, நீக்கின பழைய பதிவைத் திரும்ப ஏற்றினார். ஒரு வருஷமாக அவருக்கென்று சேர்த்துவைத்திருந்த வசவில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். கொக்கெல்லாம் பறந்தே போய்விட்டன.

இந்த வருஷக் கூட்டத்துக்கும் படம் என் கடையில்தான் தயாரானது. அதே மிஷின், போன வருஷத்தைவிடப் பெரிய தாள். டாக்டரே வந்து பக்கத்தில் நின்றார்.

"கீழே உங்க பேரைப் போடணுமேக்கா. முழுப் பேர் சொல்லுங்க."

"நீங்க வெச்ச பேர்தானே, உங்களுக்கே மறந்துபோச்சா? 'படம்: ட்யூப் அக்கா'ன்னு போடுங்க" என்றேன். "எழுத்து நல்லாப் பெரிசா இருக்கட்டும்."